9, 10-ஆம் வகுப்புக்கு விண்மீன்கள்: ஆறு வகுப்பும் ஓர் இரவும் இருக்கின்றன, எங்கிருந்து தொடங்கலாம்?

கரும்பலகை:

வணக்கம். 9, 10-ஆம் வகுப்பு மாணவர்கள் 40 பேர். விண்மீன்களையும் அடிப்படை வானியலையும் அறிமுகப்படுத்த 45 நிமிட வகுப்புகள் ஆறு, மாலை 7 முதல் 9 வரை ஒருமுறை வானம் பார்க்க அனுமதி. கைவசம் 70 மி.மீ. தொலைநோக்கி ஒன்று, 10×50 பைனாகுலர் ஒன்று, அட்டை, நூல், பழைய சி.டி.கள். மைதானம் பெரியது, ஆனால் சுற்றிலும் தெருவிளக்கு.

பாடநூல் பெருவெடிப்பில் தொடங்கி, பால்வெளி, ஒளியாண்டு, விண்மீனின் பிறப்பு இறப்பு என்று போகிறது. "சூரியனும் ஒரு விண்மீன்" என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். அது எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. இந்த இடைவெளியை அடைக்க வேண்டும். எந்த வரிசையில் போகலாம், எதையெல்லாம் மாணவர்களே செய்து பார்க்கலாம், எவை சொதப்பும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நிழற்கோல்:

பெருவெடிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள், நேரமில்லை என்றால் விட்டேவிடுங்கள். முதல் இரண்டு வகுப்பும் பகல் வெளிச்சத்தில், மைதானத்தில் நடக்கட்டும். நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பகலில்தானே தெரிகிறது.

முதல் வகுப்பில் கோணம். வானத்தில் எதையும் செ.மீ.யில் சொல்ல முடியாது என்பது புரியாதவரை பிறகு எதுவும் புரியாது. கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5, மூடிய முட்டி 10, ஒரு சாண் 20 முதல் 25. கை நீளமானவருக்கு உள்ளங்கையும் பெரிதாக இருப்பதால் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு வராது. ஆனாலும் சரிபார்க்க வையுங்கள்: சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு சுண்ணக்கோடு போட்டு, சுவரிலிருந்து 5.73 மீட்டரில் நிற்கச் சொன்னால் ஒவ்வொரு இடைவெளியும் 1 டிகிரி. முழங்கையை மடக்குவதுதான் வழக்கமான தப்பு. மடக்கினால் முட்டி 15 டிகிரிக்கு மேல் காட்டும். நிலவின் அகலம் அரை டிகிரிதான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இரவில் சுண்டுவிரலால் மறைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாம் வகுப்பில் சூரியனின் விட்டம். முகம் பார்க்கும் சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றின் மேல், 5 மி.மீ. ஓட்டை போட்ட கறுப்புத் தாளை ஒட்டுங்கள். வெயிலில் அதை அசையாமல் நிறுத்தி, இருட்டாக்கிய அறையின் உட்சுவரில் ஒளி விழுமாறு திருப்புங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால் சுமார் 9.3 செ.மீ. அகலத்தில் வட்டம் விழும். அது ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். ஓட்டையைச் சதுரமாக வெட்டியும் காட்டுங்கள், அப்போதும் வட்டம்தான் வரும். ஒரு மீட்டர் தூரத்தில் செய்தால் மட்டும் ஓட்டையின் வடிவம் தலைதூக்கும். கணக்கு எளிது: பிம்ப விட்டத்தைத் தூரத்தால் வகுத்து 15 கோடி கி.மீ.யால் பெருக்கினால் 14 லட்சம் கி.மீ.க்கு அருகில் வரும்.

கவனிக்க வேண்டியவை: ஒளி சாய்வாக விழுந்தால் பிம்பம் நீள்வட்டமாகும், அப்போது குறுகிய விட்டத்தை எடுங்கள். ஓரம் 5 மி.மீ. அளவுக்கு மங்கலாக இருக்கும், மங்கலின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். பிம்பம் ஏறக்குறைய 2 நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும் என்பதால் ஒருவர் சுவரில் இரு ஓரங்களையும் ஒரே நேரத்தில் பென்சிலால் குறிக்கட்டும். நகர்வதைத் தொல்லையாக நினைக்காமல் கடிகாரம் வைத்து அளக்கச் சொல்லுங்கள், பூமியின் சுழற்சி கையில் கிடைத்துவிடும்.

கண்ணாடி ஒளி யார் முகத்திலும் படக்கூடாது. சூரியனை நேராகப் பார்ப்பது, எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, சி.டி. வழியாகப் பார்ப்பது எதுவும் கூடாது. தொலைநோக்கி பகலில் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

---

மூன்றாம்பிறை:

மேலே சொன்ன வரிசை எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நிலவின் பிறைகளை விட்டுவிட்டு விண்மீனுக்குத் தாவினால், "பிறை உண்டாவது பூமியின் நிழலால்" என்ற எண்ணம் அப்படியே தங்கிவிடும். பெரியவர்களிடமே இருக்கும் தவறு அது. மூன்றாவது வகுப்பை இதற்குக் கொடுங்கள்.

அறையை நன்றாக இருட்டாக்கி, நடுவில் மூடியில்லாத ஒரே பல்பை மாணவர்களின் கண் உயரத்தில் வையுங்கள். 5 முதல் 8 செ.மீ. தெர்மாகோல் உருண்டையைப் பென்சிலில் குத்தி ஆளுக்கொன்று. தலைதான் பூமி. கையை நீட்டி, உருண்டையைத் தலைக்குச் சற்று மேலே பிடித்து, நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். பல்பைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி 12 பேருக்கு மேல் நின்றால் ஒருவர் நிழல் இன்னொருவர் உருண்டையில் விழும். எனவே 40 பேருக்கு மூன்று நான்கு பல்புகள் வேண்டும், இடையில் கறுப்புத் துணி.

சொதப்புவது இரண்டு இடத்தில். அறைச் சுவர் வெள்ளையாக இருந்தால் உருண்டையின் இருண்ட பாதியும் வெளிச்சமாகி, பிறையே தெரியாது. அடுத்தது, உருண்டையைக் கண் மட்டத்தில் பிடித்தால் பௌர்ணமி வர வேண்டிய இடத்தில் தலையின் நிழல் விழும். அதைத் திருத்திவிட்டுப் போகாதீர்கள், அதுதான் சந்திர கிரகணம். நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

பருவங்களுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கி.மீ.யில், வருவது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடி கி.மீ.யில், இருப்பது ஜூலை தொடக்கத்தில். தூரம்தான் காரணம் என்றால் இரு அரைக்கோளத்திலும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டுமே? பாதையை நீண்ட முட்டை வடிவில் வரையும் படங்களைக் காட்டாமல் இருப்பதே பாதி வேலை. அளவுப்படி வரைந்தால் அது வட்டத்திலிருந்து வேறுபடுவது கண்ணுக்கே தெரியாது.

---

ஒளியாண்டு:

நான்காவது வகுப்பு தூரத்துக்கு. ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓராண்டில் செல்லும் தூரம், "9.46 லட்சம் கோடி கி.மீ." என்று பலகையில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அந்தத் தூரத்தை எப்படி அளந்தார்கள் என்பதுதான் பாடம்.

இடமாறு தோற்றத்தை (நாம் நகரும்போது அருகிலுள்ள பொருள் பின்னணிக்கு எதிரே இடம் மாறித் தெரிவதை) விரலை நீட்டிக் கண் சிமிட்டிக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள், அளக்க வையுங்கள். 30 செ.மீ. ஸ்கேலில் நூல் கட்டி, 57 செ.மீ.யில் முடிச்சு போடுங்கள். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்தி, நூல் விறைக்க ஸ்கேலை நீட்டிப் பிடித்தால் ஸ்கேலில் 1 செ.மீ. என்பது 1 டிகிரி. மைதானத்தில் 20 மீட்டர் தள்ளி ஒரு கம்பு, அதற்குப் பின்னால் வெகு தொலைவில் ஏதாவது ஓர் அடையாளம். கம்புக்கும் அடையாளத்துக்கும் உள்ள கோணத்தை ஓரிடத்தில் அளந்து, பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக 2 மீட்டர் நகர்ந்து மறுபடி அளக்க வேண்டும். நகரும்போது கம்பு அடையாளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவினால் இரண்டு கோணத்தையும் கூட்டுங்கள், ஒரே பக்கம் இருந்தால் கழியுங்கள். வேறுபாடு 5.7 டிகிரிக்கு அருகில் வரும். தூரம் = 2 × 57.3 ÷ கோணம்.

இதையே பூமியின் பாதைக்குக் கொண்டுபோங்கள். ஆறு மாத இடைவெளியில் நாம் 30 கோடி கி.மீ. நகர்ந்துவிடுகிறோம். அப்படியும் சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரியின் இடமாறு கோணம் 0.77 வினாடிதான் (மரபுப்படி பாதி நகர்வுக்கு, அதாவது 15 கோடி கி.மீ.க்கு, கணக்கிடுவது). ஒரு வினாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. ஸ்கேலின் 1 மி.மீ. கோட்டை 268 மீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும் கோணம்தான் அந்த 0.77 வினாடி. விண்மீன்கள் இடம் மாறித் தோன்றவில்லையே, அப்படியானால் பூமி நகரவில்லை என்று 16-ஆம் நூற்றாண்டு வானியலாளர் டைக்கோ பிராஹே வாதிட்டது இப்போது முட்டாள்தனமாகத் தோன்றாது. ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் 1838-இல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு இதை அளந்து வெளியிடும்வரை அந்த வாதத்துக்கு நேரடிப் பதில் இல்லை. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் சுமார் 150 கோடி விண்மீன்களுக்கு இதே அளவீட்டைத்தான் செய்தது.

அளவு மாதிரிக்கு ஒரே அளவுகோலைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். சூரியன் 14 செ.மீ. பந்து என்றால் பூமி 1.3 மி.மீ. மணி, 15 மீட்டர் தள்ளி. நிலவு அந்த மணியிலிருந்து 4 செ.மீ. வியாழன் 1.4 செ.மீ., 78 மீட்டரில். நெப்டியூன் 5 மி.மீ., 450 மீட்டரில். பிராக்ஸிமா? சுமார் 4,000 கி.மீ. அப்பால். பந்தின் அளவுக்கு ஒன்று, தூரத்துக்கு வேறொன்று என்று கடைகளில் கிடைக்கும் மாதிரிகள் செய்யும் கெடுதலை இது ஒன்றே சரிசெய்யும்.

இன்னொன்று, ஆர்வமுள்ள குழுவுக்கு. சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களை, துபே முதல் அல்கைத் வரை நேர்க்கோட்டில் 13.7 செ.மீ. வருமாறு அட்டையில் அச்சிட்டு ஏழு ஓட்டைகள் போடுங்கள். அதற்கு 30 செ.மீ. முன்னால் கண் வைக்க ஓர் ஓட்டையுள்ள அட்டை. கண் ஓட்டையிலிருந்து ஒவ்வொரு விண்மீன் ஓட்டை வழியாகவும் நூலை நேராக இழுத்து, 65 செ.மீ.யில் உள்ள பின் அட்டையில் கட்டுங்கள். பிறகு கண் ஓட்டையிலிருந்து அளந்து, 1 செ.மீ.க்கு 2 ஒளியாண்டு என்று மணி ஒட்டுங்கள்: துபே 61 செ.மீ., அல்கைத் 52, நடு ஐந்தும் 40 முதல் 42. முன்னாலிருந்து பார்த்தால் கரண்டி வடிவம், பக்கவாட்டில் பார்த்தால் அது காணாமல் போகும். ஐந்து மட்டும் ஒரே கொத்தாக நிற்பது தற்செயல் அல்ல. அவை விண்வெளியில் ஒரே திசையில் சேர்ந்து செல்பவை.

---

கரும்பலகை:

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். ஸ்கேல், நூல் முறையில் 20 மீட்டர் கம்புக்கு எல்லாக் குழுவுக்கும் 24 முதல் 26 மீட்டர் வருகிறது. பின்னணி அடையாளம் சுமார் 100 மீட்டரில் உள்ள ஒரு கம்பம். எல்லோருக்கும் ஒரே பக்கம் பிசகுவது ஏன்? அடுத்தது, சி.டி.யை வைத்து நிறமாலை (ஒளி நிறங்களாகப் பிரிந்த பட்டை) பார்க்கும் பெட்டி செய்தால் வண்ணப் பூச்சு மட்டும் தெரிகிறது, கோடுகள் தெரியவே இல்லை.

---

ஒளியாண்டு:

பின்னணி போதிய தூரத்தில் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் 2 மீட்டர் நகரும்போது அந்தக் கம்பமும் சிறிது இடம் மாறித் தோன்றுகிறது. அதனால் கோணம் குறைந்து, தூரம் கூடிவிடுகிறது. திருத்தம்: 1/உண்மைத் தூரம் = 1/கிடைத்த தூரம் + 1/பின்னணித் தூரம். உங்கள் எண்ணைப் போட்டால் 1/25 + 1/100 = 1/20. கச்சிதமாக 20 மீட்டர்! எல்லோருக்கும் ஒரே பக்கம் பிசகினால் அளவில் கவனக்குறைவு இல்லை, முறையில்தான் கோளாறு என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். வானியலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பின்னணி விண்மீன்களும் ஏதோ ஒரு தூரத்தில்தானே இருக்கின்றன.

---

நிறமாலை:

சி.டி. பெட்டி விஷயம். ஐந்தாவது வகுப்பை இதற்குக் கொடுங்கள். முக்கால்வாசி நேரம் காரணம், பெட்டிக்குள் ஒளி நுழையும் பிளவு சி.டி.யின் வரிகளுக்கு இணையாக இல்லாததுதான். சி.டி.யில் வரிகள் வட்டமாக ஓடுகின்றன. வெளி விளிம்புக்கு அருகில் ஒரு சிறு துண்டு வெட்டினால், விளிம்பின் போக்கே வரிகளின் போக்கு. பிளவு அதே திசையில் இருக்க வேண்டும். 90 டிகிரி மாறினால் நீங்கள் சொன்ன வண்ணப் பூச்சுதான் கிடைக்கும்.

மற்றவை வரிசையாக. பதிவு செய்யக்கூடிய சி.டி.யாக எடுத்து, மேல் பூச்சைக் கீறி, ஒட்டும் டேப்பால் உரித்தால் ஒளி ஊடுருவும் துண்டு கிடைக்கும். டி.வி.டி. வேண்டாம், அதன் வரிகள் 0.74 மைக்ரான் இடைவெளியில் நெருங்கியிருப்பதால் பச்சை ஒளி 48 டிகிரி விலகிப் போகும், நேர்ப்பெட்டியில் பிடிக்க முடியாது. சி.டி.யில் இடைவெளி 1.6 மைக்ரான், பச்சை சுமார் 20 டிகிரியில் வரும். பெட்டி 25 செ.மீ. நீளம், உள்ளே மங்கலான கறுப்பு. நிறமாலை உட்பக்கச் சுவரின் மேல் விழுந்ததுபோலத் தெரியும் என்பதால் சுவர் வெளிறியிருந்தால் எல்லாம் கெட்டது. பிளவை இரண்டு சவர பிளேடுகளால் ஆசிரியரே செய்யுங்கள்: நடுவில் மெல்லிய அச்சுத்தாள் இரண்டை இடைவெளிக்கு வைத்து ஒட்டிவிட்டுத் தாளை உருவினால் 0.2 மி.மீ. கிடைக்கும். கத்தரிக்கோலால் அட்டையில் வெட்டும் பிளவு 1 மி.மீ.க்குக் குறையாது, அதில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

முதலில் குழல் விளக்கைப் பாருங்கள். பாதரசத்தின் 546 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைக் கோடும் 436 நீலக் கோடும் பளிச்சென்று தெரிந்தால் பெட்டி சரி. எல்.இ.டி. விளக்கில் கோடுகள் வராது, அதை வைத்துப் பெட்டியைப் பழிக்காதீர்கள். பிறகு வெயில் படும் வெள்ளைத் தாளை நோக்குங்கள் (சூரியனை அல்ல). வானவில்லின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள்: மஞ்சளில் 589-இல் சோடியம், பச்சையில் 517-இல் மக்னீசியம், நீலத்தில் 486-இல் ஹைட்ரஜன். ஜெர்மன் இயற்பியலாளர் பிரவுன்ஹோஃபர் 1814-இல் கண்டு பதிவு செய்த கோடுகள் இவை. விண்மீன்களின் ஒளியிலும் இதே வகைக் கோடுகள் இருக்கின்றன. இடமாறு தோற்றத்தால் கிடைத்த தூரத்தையும் அவற்றின் பொலிவையும் சேர்த்துக் கணக்கிட்டால், சூரியனுக்கு ஒப்பாகவும் அதைவிட மிஞ்சியும் ஒளிர்பவை பல. உங்கள் முதல் கேள்விக்கு, சூரியன் ஒரு விண்மீன் என்று எப்படித் தெரியும் என்பதற்கு, பதில் இங்கேதான். இந்தப் பெட்டியால் இரவில் விண்மீனைப் பார்க்க முயல வேண்டாம், ஒளி போதாது.

இதே வகுப்பில் வெப்பநிலைக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டலாம். டங்ஸ்டன் இழை பல்பை மின்தடை மாற்றியோடு இணைத்து மெல்ல ஏற்றினால் கருஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கலந்த வெள்ளை என்று மாறும். பெட்டி வழியாகப் பார்த்தால் நீலம் கடைசியாகத்தான் சேரும். எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் மட்டும் குறையும், நிறம் மாறாது. இழை 3,000 கெல்வினுக்கு மேல் அவ்வளவாகப் போகாது. "சிவப்பு" விண்மீன் என்னும் திருவாதிரை சுமார் 3,500, சூரியன் 5,800, நீலவெள்ளை விண்மீனான ரைஜல் 12,000. சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர் என்று குழாய்களில் போடும் அடையாளம் மாணவர் மனதில் பதிந்திருக்கும், தலைகீழாக்க நேரம் கொடுங்கள்.

ஆறாவது வகுப்பில், வான்நோக்குக்குப் பிறகு, ஒரு வரைபடம் மட்டும். மிக அருகிலுள்ள 20 விண்மீன்கள், வானில் மிகப் பொலிவாகத் தெரியும் 20 விண்மீன்கள் என்று இரண்டு பட்டியல். குறுக்கே வெப்பநிலை, நெடுக்கே உண்மையான ஒளித்திறன். இரண்டும் வெவ்வேறு மூலையில் குவியும். சிரியஸ் போல வெகு சில மட்டும் இரண்டிலும் வரும். கண்ணுக்குத் தெரிபவற்றை வைத்து வானத்தை எடைபோட்டால் சிவப்புக் குறுமீன்கள் (சிறிய, மங்கலான விண்மீன்கள்) முழுதாக விடுபடும். பிராக்ஸிமா நமக்கு மிக அருகில் இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வாழ்க்கைச் சுழற்சிப் படங்களைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

---

இருட்டுக்கண்:

இரவு ஏற்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தேதி: அமாவாசைக்குப் பின் 5 முதல் 7 நாள். நிலவு மாலையிலேயே உயரத்தில் இருக்கும், ஒளி-இருள் எல்லையில் பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும். பௌர்ணமியில் நிழலே இராது, வானமும் வெளுத்துவிடும். மேகம் வந்தால் தள்ளிப்போட இரண்டு நாள் கையில் வைத்திருங்கள்.

ஒரே தொலைநோக்கிக்கு 40 பேர் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 40 நிமிடம்; மற்ற 39 பேர் கூச்சல் போடுவார்கள். நான்கு குழு, நான்கு இடம், 20 நிமிடத்துக்கு ஒரு மாற்றம்.

தொலைநோக்கி: குவியத் தூரம் 700 மி.மீ. என்றால் 25 மி.மீ. கண்வில்லையில் 28 மடங்கு. நடுவில் வைத்த பொருள் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கும். 10 மி.மீ. போட்டு 70 மடங்காக்கினால் ஒன்றரை நிமிடத்தில் ஓடிப்போகும், ஆளுக்கு ஆள் நீங்கள் குனிந்து திருப்ப வேண்டியிருக்கும். மாணவர்கள் கண்வில்லையைக் கையால் பிடித்துத்தான் பார்ப்பார்கள்; முன்னால் ஒரு நாற்காலி போட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பைனாகுலர்: நிற ஒப்பீடு. ஜனவரி முதல் மார்ச் வரை மாலையில் திருவாதிரையும் ரைஜலும். ஜூன், ஜூலையில் கேட்டையும் சித்திரையும். ஃபோகஸைச் சிறிது கலைத்தால் புள்ளி வட்டமாக விரிந்து நிறம் தெளிவாகும். கூர்மையாக வைத்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தோன்றும்.

கை அளவு: ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு பக்கம் ஒரு சாண் (23 டிகிரி) போனால் சிரியஸ், எதிர்ப்பக்கம் அதே அளவு போனால் ரோகிணி. குழுவே தேடட்டும், செயலி வேண்டாம். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியை முந்தைய நாள் ஆசிரியர் பார்த்துக்கொண்டால் போதும். மாணவர் கையில் கொடுத்தால் வானத்தை விட்டுத் திரையைத்தான் பார்ப்பார்கள், கண்ணும் இருட்டுக்குப் பழகாது. தாளில் அச்சிட்ட வரைபடத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பதாக ஒருவராவது சொல்வார். தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

எண்ணிக்கை: 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாய் வழியாக வானில் பத்து வெவ்வேறு இடங்களில் தெரியும் விண்மீன்களை எண்ணிக் கூட்டுங்கள். ஒரு குழாய் காட்டுவது வானத்தின் 73-இல் ஒரு பங்கு, எனவே கூட்டுத்தொகையை 7.3-ஆல் பெருக்கினால் மொத்தம். நல்ல இருட்டில் சில ஆயிரம் வர வேண்டும். உங்கள் மைதானத்தில் நூறு இருநூறு வந்தால் குழாயில் தவறில்லை, தெருவிளக்கின் கணக்கு அது. கட்டட நிழலில் நின்று ஒருமுறை, விளக்கடியில் நின்று ஒருமுறை எண்ணினால் இன்னும் நல்லது.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு கைபேசித் திரை அதை நொடியில் கலைத்துவிடும். டார்ச்சுக்குச் சிவப்பு செல்லோபேன் தாள் ஒன்று போதாது, வெள்ளை எல்.இ.டி.யின் நீலம் கசியும், மூன்று மடிப்பாகக் கட்டுங்கள். எண்ணும் குழுவைக் கடைசிச் சுற்றில் விடாமல் எல்லாக் குழுவும் ஒருமுறை வருமாறு சுழற்றினால், முதல் குழுவின் எண்ணிக்கை மற்றவற்றைவிடக் குறைவாக வரும். கண் பழகாததுதான் காரணம். அந்த எண்ணைத் தூக்கி எறியாமல் நேரத்தோடு குறித்து வையுங்கள், ஆறாவது வகுப்பில் பேச உதவும்.